கம்ப்யூட்டருக்குள் ஓடும் பஸ்

சங்க நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்திக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸார், நீங்க ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கீங்கன்னு வீட்டுல சொன்னாங்க. அப்படி என்னதான் பண்றீங்க?" என்றார். "பஸ் எந்த மாடல்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தில்லியில் பஸ் என்றால் டி.டி.சி. நான் சொல்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பஸ். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். லத்தீன் மொழியில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று பொருள். மின் நிலையங்களில் பல இணைப்புகளுக்குப் பொதுவாகப் போடும் தடித்த செம்புப் பட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் ஏறிக்கொண்டது. பிராஸசர், மெமரி, செருகப்பட்ட கார்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுப்பாதை அது. இந்தப் பாதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக மாறி வந்திருக்கிறது. ஒரு கார்டை இயக்கும் புரோகிராமுக்கு, அதாவது டிரைவருக்கு, தான் எந்தத் தலைமுறைப் பாதையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை இன்னொரு நண்பரின் மகள் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மொட்டை மாடியில் நிறுத்திய இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளை இரவெல்லாம் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்திலிருந்து கணக்குப் போடுவது அவள் வேலை. அலைகளை எண்களாக மாற்றித் தருவது கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரு கார்டு. அதற்கான டிரைவர் லினக்ஸில் ஓடும் திறந்த மூலநிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். பதினோரு இரவுகள் பதிவு செய்தபின் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தால், கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி அங்கங்கே அலை ஒரு துள்ளு துள்ளியிருந்தது. நடுவில் துண்டு துண்டாக எண்களைக் காணோம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு மாதம்தான் பாக்கி. "அங்கிள், இது என் தப்பா, கார்டு தப்பா?" என்று போனில் கேட்டாள். குரலில் தூக்கமில்லாதது தெரிந்தது.

கடைசியில் இரண்டும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

1981இல் ஐ.பி.எம். முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதன் பஸ் 8 பிட் அகலம். 1984இல் வந்த ஏ.டி. மாடலில் 16 பிட். பின்னாளில் இந்த வகைக்கு ஐ.எஸ்.ஏ. என்று பெயர் வந்தது. இதில் ஒரு பெரிய குறை. எந்த ஸ்லாட்டில் என்ன கார்டு இருக்கிறது என்று கேட்பதற்கு வழியே கிடையாது. கதவு எண் இல்லாத, பெயர்ப்பலகை இல்லாத தெரு. டிரைவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். நெட்வொர்க் கார்டு வழக்கமாக ஹெக்ஸ் 300 என்ற முகவரியில் இருக்கும் என்று நம்பி அங்கே தட்டினால், உள்ளே இருப்பது வேறு ஏதாவது கார்டாக இருந்து, தட்டிய தட்டில் மிஷின் மொத்தமும் உறைந்து நிற்கும். அதனால்தான் லினக்ஸில் 'இந்த முகவரிப் பக்கம் போகாதே' என்று தொடக்கத்திலேயே சொல்லிவைக்க ஒரு வசதி வைத்தார்கள்.

அந்தக் காலத்து டிரைவர்களில் எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. என்.இ.1000 என்று ஒரு 8 பிட் நெட்வொர்க் கார்டு, என்.இ.2000 என்று அதன் 16 பிட் தம்பி. தொண்ணூறுகளில் நேரு பிளேஸில் மலிவாக விற்ற நெட்வொர்க் கார்டுகளில் பெரும்பாலும் இந்தத் தம்பியின் நகல்கள்தான். இரண்டும் ஒரே மாதிரிப் பேசும். எது அண்ணன், எது தம்பி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டிலுள்ள ஒரு சிறு நிரந்தர மெமரியில் அதன் முகவரி பொறிக்கப்பட்டிருக்கும். 16 பிட் கார்டில் அதை 8 பிட்டாகப் படித்தால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை வரும். 8 பிட் கார்டில் ஒரே தடவைதான். ஆகவே டிரைவர் 32 பைட்டுகளை ஜோடி ஜோடியாகப் படிக்கிறது. ஏதாவது ஒரு ஜோடியில் இரண்டும் வேறு வேறாக இருந்தால் 8 பிட், எல்லா ஜோடியும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் 16 பிட். கார்டு தன் வாயால் 'நான் இன்னது' என்று சொல்லவே இல்லை. பேச்சில் விழும் எதிரொலியை வைத்து அறையின் அளவைச் சொல்வது போன்ற வேலை. லினக்ஸ் டிரைவரில் இந்தச் சில வரிகளை முதலில் படித்த அன்று, எழுதியவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று தோன்றியது.

நடுவில் வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987இல் ஐ.பி.எம். மைக்ரோ சேனல் என்ற புது பஸ்ஸைக் கொண்டுவந்தது. அதில் கார்டுக்கு அடையாள எண் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிறர் அதைச் செய்ய உரிமத் தொகை கேட்டார்கள். எரிச்சலடைந்த காம்பேக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து 1988இல் ஈ.ஐ.எஸ்.ஏ. என்று போட்டி பஸ்ஸை அறிவித்தன. இந்த பஸ் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பயாஸ் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஈ, ஐ, எஸ், ஏ என்ற நான்கு எழுத்துகள் வரிசையாக இருந்தால் இருக்கிறது என்று அர்த்தம். வாசலில் பெயர் எழுதி வைத்தவர்கள் இவர்கள்தான். மைக்ரோ சேனலுக்கான நிரல் 2012இல் லினக்ஸிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

1992இல் இன்டெல் வெளியிட்ட பி.சி.ஐ. பஸ்ஸோடுதான் நாகரிகம் வந்தது. ஒவ்வொரு கார்டும் தன்னைப் பற்றிய விவரங்களை 256 பைட் கொண்ட ஒரு படிவத்தில் வைத்திருக்க வேண்டும். செய்த நிறுவனத்தின் எண், கார்டின் எண், வகை என்று எல்லாம் நிலையான இடங்களில். நம் ஊர் ரேஷன் கார்டு போல. காலியான ஸ்லாட்டில் போய்ப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பி வரும். அப்படி ஒரு நிறுவன எண் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஆகவே 'ஆள் இல்லை' என்று பொருள்.

ஆனால் பி.சி.ஐ. பஸ் இருக்கிறதா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டுமே? இங்கே லினக்ஸ் செய்யும் காரியத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் ஒரு எண்ணை எழுதுகிறது. அதே எண் திரும்பி வந்தால் பஸ் இருக்கலாம். ஆனால் அதை வைத்து மட்டும் நம்பிவிடுவதில்லை. முதல் பஸ்ஸில் இருக்கும் சாதனங்களை வரிசையாகப் பார்த்து, ஒரு ஹோஸ்ட் பிரிட்ஜாவது, ஒரு வி.ஜி.ஏ. டிஸ்பிளேயாவது, அல்லது இன்டெல், காம்பேக் பெயர் போட்ட ஏதாவது ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் ஒப்புக்கொள்கிறது. பெண் பார்க்கப் போகுமுன் தெருக்கோடிக் கடையில் விசாரிப்பார்களே, அந்த மாதிரி. பயாஸின் தேதி 2001 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் இந்த விசாரணையைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. அதற்குப் பின் பிறந்தவர்கள் ஒழுங்கானவர்கள் என்று ஒரு நம்பிக்கை.

பி.சி.ஐ. படிவத்தில் பிற்காலத்துக்கு என்று ஒரு வழியும் விட்டு வைத்தார்கள். 'என்னிடம் இன்னும் சில திறமைகள் உண்டு' என்று ஒரு பிட்டில் குறித்துவிட்டு, அவற்றின் பட்டியலை ஒரு சங்கிலியாகத் தொடரலாம். ஒவ்வொரு கண்ணியிலும் திறமையின் எண்ணும், அடுத்த கண்ணி எங்கே என்ற குறிப்பும் இருக்கும். எண் 2 என்றால் ஏ.ஜி.பி., 7 என்றால் பி.சி.ஐ.-எக்ஸ், 16 என்றால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். இதைத் தேடும் நிரலில் 48 கண்ணிகளுக்கு மேல் போகாதே என்று லினக்ஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கோளாறான கார்டு ஒன்றில் சங்கிலியின் வால் தலையோடு ஒட்டிக்கொண்டால், தேடுகிறவர் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருப்பார் அல்லவா?

ஏ.ஜி.பி. என்பது டிஸ்பிளே கார்டுகளுக்காக 1996இல் வந்தது. அதில் ஒரு பொறி இருந்தது. வேகத்தைச் சொல்ல மூன்று பிட்கள். முதல் பிட் 1 மடங்கு, இரண்டாவது 2 மடங்கு, மூன்றாவது 4 மடங்கு. 2002இல் ஏ.ஜி.பி. 3 வந்தபோது புதிய பிட்களைத் தேடாமல் பழையவற்றையே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பிட் '3ஆம் பதிப்பு முறையில் ஓடுகிறேன்' என்று சொன்னால், முதல் பிட்டுக்கு 4 மடங்கு என்று பொருள், இரண்டாவதற்கு 8 மடங்கு. சொல் ஒன்றுதான், பொருள் இடத்தைப் பொறுத்தது. தலைமுறையை முதலில் கேட்காமல் வேகத்தைப் படித்த டிரைவர், 8 மடங்கு ஓடும் கார்டை 2 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும்.

இனி இன்றைய கதைக்கு வரலாம். 2003 வாக்கில் புழக்கத்துக்கு வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், பெயரில்தான் பி.சி.ஐ. உண்மையில் அது பொதுப்பாதையே அல்ல. இருவருக்கு இடையில் மட்டும் போட்ட தனிப்பாதை. ஒரு பாதைக்கு லேன் என்று பெயர். தேவைக்கேற்ப 1, 4, 8, 16 லேன்கள் சேர்த்துக்கொள்ளலாம். முதல் தலைமுறையில் ஒரு லேனில் விநாடிக்கு 250 கோடி மாற்றங்கள். 2007இல் இரண்டாம் தலைமுறையில் 500 கோடி. 2010இல் 800 கோடி, 2017இல் 1600 கோடி, 2019இல் 3200 கோடி, 2022இல் 6400 கோடி. 2025இல் ஏழாம் தலைமுறைக்கான விதிகளும் வெளியாகிவிட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு முனைகளும் அறிமுகமாகும் விதம். கரோல்பாக் மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் நாம் இந்தியில்தான் ஆரம்பிக்கிறோம். "ஆப் கஹாங் ஸே?" என்கிறோம். "மதராஸ் ஸே" என்கிறார். "அட, நாங்க கும்பகோணம்!" என்று உடனே தமிழுக்குத் தாவிவிடுகிறோம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸும் அப்படியே. எந்தத் தலைமுறைக் கார்டானாலும் முதலில் 250 கோடி வேகத்தில்தான் பேச்சைத் தொடங்கும். அந்தப் பேச்சில் இருவரும் தத்தம் திறமையைச் சொல்லிக்கொள்கிறார்கள். இருவருக்கும் பொதுவான உயர்ந்த வேகத்துக்கு மாறிப் பார்க்கிறார்கள். புது வேகத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால் பழைய வேகத்துக்கே இறங்கிவிடுகிறார்கள். யாரும் சண்டை போடுவதில்லை, யாரும் புகார் செய்வதும் இல்லை. இந்தப் பெருந்தன்மைதான் அந்தப் பெண்ணைப் படுத்திவைத்தது.

டிரைவர் எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழிகள் இங்கே மூன்று நான்கு உண்டு. 'நான் மூன்றாம் தலைமுறை' என்று சொல்லும் ரிஜிஸ்டர் எதுவும் கார்டில் கிடையாது. எக்ஸ்பிரஸ் படிவத்தின் தொடக்கத்தில் பதிப்பு எண் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தலைமுறை என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர். நானும் முதலில் ஏமாந்தேன். முதல் தலைமுறையில் அது 1, இரண்டாம் தலைமுறையில் 2. ஆகா என்று மகிழ்ந்தால், மூன்றிலும் 2, நான்கிலும் 2. அது படிவத்தின் பதிப்பே தவிர வேகத்தின் பதிப்பு அல்ல. இரண்டாம் பதிப்பு விதிகளின்படி செய்த கார்டு 250 கோடி வேகத்தில் மட்டும் ஓடினாலும் சட்டப்படி அது குற்றமில்லை.

அடுத்தது, 'முடியும்' என்பதற்கும் 'நடக்கிறது' என்பதற்கும் உள்ள வேற்றுமை. லிங்க் கேப்பபிலிட்டீஸ் என்ற ரிஜிஸ்டர் கார்டால் எவ்வளவு வேகம் முடியும் என்று சொல்லும். லிங்க் ஸ்டேட்டஸ் என்ற ரிஜிஸ்டர் இப்போது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும். இரண்டிலும் கடைசி நான்கு பிட்கள்தான் வேகக் குறி. 1 என்றால் 250 கோடி, 2 என்றால் 500, 3 என்றால் 800. முதல் இரண்டு தலைமுறைகள் மட்டும் இருந்த காலத்தில் ஒருவர் '2 ஆக இருந்தால் 500 கோடி, இல்லாவிட்டால் 250 கோடி' என்று எழுதி வைத்திருந்தால், பிறகு வந்த 3 என்ற வேகமான கார்டு 'இல்லாவிட்டால்' என்ற பள்ளத்தில் விழுந்து, எல்லோரையும் விட மெதுவானதாகக் கணக்கில் வரும். மூன்றாம் தலைமுறை விதிகளோடு இன்னொரு ரிஜிஸ்டரும் வந்தது. அதில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி பிட். அது இருந்தால் அதைப் பார், இல்லையென்றால் பழையதைப் பார் என்பதுதான் விதி. லினக்ஸின் பொது நிரல் அப்படித்தான் செய்கிறது.

அந்தப் பெண்ணின் கார்டு இரண்டாம் தலைமுறை, நாலு லேன். டிரைவரின் மூலநிரலை இறக்கிப் படித்தேன். தொடங்கும்போது அது தலைமுறையைப் பார்க்கிறது. இரண்டாவது என்றால் இரு ஆன்டெனாக்களையும் முழு வேகத்தில் பதிவு செய்ய அனுமதிக்கிறது. முதலாவது என்றால் பாதி வேகத்துக்கு மேல் மறுக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எந்த ரிஜிஸ்டரைப் பார்க்கிறது? லிங்க் கேப்பபிலிட்டீஸை. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்டதற்கு, 'இவ்வளவு சம்பாதிக்கக்கூடிய பையன்' என்று பதில் வந்தால் எப்படியோ அப்படி.

லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்று ஒரு கட்டளை உண்டு. இந்த ரிஜிஸ்டர்களையெல்லாம் மனிதர்கள் படிக்கும்படி காட்டும். போனிலேயே அவளை அதைத் தட்டச் சொன்னேன். முதலில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. திறமைப் பட்டியலைக் காட்ட ரூட் அதிகாரம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாஸ்வேர்டு வைத்திருப்பவரைத் தேடிப்பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு இரண்டு வரிகளையும் படித்துக் காட்டினாள். முடியும் என்ற வரியில் 5, அதாவது 500 கோடி. நடக்கிறது என்ற வரியில் 2.5. இந்தக் கட்டளையின் புதிய பதிப்புகளில் இப்படி இருந்தால் 'இறங்கி ஓடுகிறது' என்று பக்கத்திலேயே குறிப்பு வரும். அவளுடைய மிஷினில் இருந்தது பழையது. எண்களை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருந்துவிட்டது.

நான் உடனே குதிக்கவில்லை. சில கார்டுகள், முக்கியமாக டிஸ்பிளே கார்டுகள், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொன்னேன். அப்போதும் 2.5தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு ஆன்டெனா, ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 20 கோடி எண்கள், எண் ஒன்றுக்கு 2 பைட். ஆக விநாடிக்கு 80 கோடி பைட். முதல் இரண்டு தலைமுறைகளில் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆகவே 250 கோடி என்பது ஒரு லேனுக்கு 200 கோடி பிட், அதாவது 25 கோடி பைட். நாலு லேனுக்கு 100 கோடி. போதுமே என்று தோன்றும். ஆனால் தகவல் கடிதம் கடிதமாகத்தான் போகும். 128 பைட் விஷயத்துக்கு உறை, முகவரி, முத்திரை என்று 24 பைட் வரை மேல்செலவு. 100 கோடியில் 84 கோடிதான் விஷயம். அதிலிருந்தும் 'கடிதம் கிடைத்தது' என்ற ரசீதுகளுக்குக் கொஞ்சம் போகும். மிஞ்சுவது 80 கோடியை ஒட்டித்தான். பெரும்பாலான நேரம் சமாளித்துவிடும். கம்ப்யூட்டர் வேறு வேலையில் ஒரு கணம் திரும்பினால் கார்டிலுள்ள சிறு மெமரி நிரம்பி வழியும். ஒரேயடியாகப் படுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். விளிம்பில் நின்று தள்ளாடியதால்தான் பதினோரு இரவுகள் போயின.

நிரம்பி வழிந்ததை டிரைவர் கவனிக்காமல் இல்லை. கவனித்து, சிஸ்டத்தின் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, பதிவைத் தொடர்ந்திருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை யார் படிக்கிறார்கள்? ரகசியமாகக் காதில் சொல்லிவிட்டு, 'சொன்னேனே' என்பது மாதிரிதான்.

வேகம் ஏன் இறங்கியது? மே மாதம் அந்த அறைக்கு வெள்ளையடித்தபோது மிஷினை வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். கார்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இடையில் ஓர் ஆந்தி. தில்லிப் புழுதிக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டின் தங்க முலாம் பூசிய விரல்களில் மெல்லிய படலம். 250 கோடி வேகத்துக்கு அது பொருட்டில்லை. 500 கோடிக்குப் பேச்சு காதில் விழவில்லை. இருவரும் மரியாதையாக இறங்கிவிட்டார்கள். நேரு பிளேஸ் மெக்கானிக்குகள் முப்பது வருஷமாகச் செய்யும் வைத்தியத்தைத்தான் சொன்னேன். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, அழுத்திச் செருகு. அடுத்த தடவை இரண்டு வரியிலும் 5.

மிஷின் சரியாகிவிட்டது. டிரைவர் சரியாகவில்லையே? வேறு ஊரில் வேறு ஒரு மாணவன் இதே பள்ளத்தில் விழக்கூடும். ஆகவே திருத்தம் எழுத உட்கார்ந்தேன். லிங்க் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை நானே படித்து, நான்கு பிட்டைப் பிரித்து, தலைமுறை எண்ணாக மாற்றி, அறுபது வரிக்குக் குறையாமல் எழுதி, அந்த டிரைவரைப் பராமரிக்கும் அன்பருக்கு அனுப்பினேன். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில், ஆனால் வரிக்கு வரி கேள்வி. உத்தியோகத்தில் இருந்தபோது என் குறிப்பை யாராவது அப்படித் திருத்தியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

ரிஜிஸ்டரை நீங்களே ஏன் படிக்கிறீர்கள், கெர்னலில் அதற்குப் பொது நிரல் இருக்கிறதே என்றார். அதைவிட முக்கியமாக, தலைமுறை எண் உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். உங்களுக்கு வேண்டியது விநாடிக்கு 80 கோடி பைட் போகுமா என்பதுதானே? இரண்டாம் தலைமுறை ஒரு லேனும், முதல் தலைமுறை இரண்டு லேனும் ஒரே அளவுதான் சுமக்கும். கார்டுக்கு எதிரே உள்ள ஸ்லாட் வரை வேகம் சரியாக இருந்து, அதற்கு மேலே பிராஸசருக்குப் போகும் வழியில் ஒரு குறுகிய பாலம் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஜி.டி. எக்ஸ்பிரஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் நடுவில் ஒரே தண்டவாளம் மட்டும் உள்ள பகுதி இருந்தால் அங்கே காத்திருக்கத்தானே வேண்டும். கார்டிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு இணைப்பாக ஏறிப்பார்த்து, எது மிகக் குறுகலோ அதைச் சொல்லும் நிரல் 2018இலிருந்து லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த மேலே ஏறிப்பார்க்கும் பழக்கத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ரேடியான் டிஸ்பிளே கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவரில் இரண்டாம் தலைமுறை வேகம் ஒரு காலத்தில் தானாக வராது. வேண்டுமென்றால் பயனர்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். சில மதர்போர்டுகளில் அது தகராறு செய்ததுதான் காரணம். 2012இல், கார்டின் திறமையை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலேயுள்ள போர்ட்டின் திறமையையும் கேட்டுவிட்டு வேகத்தை உயர்த்தும் நிரல் சேர்ந்தது. அதற்குள்ளும் இரண்டு நிறுவனங்களின் சிப்களுக்கு மட்டும், அவை என்ன சொன்னாலும் நம்பாதே என்று ஒரு விதிவிலக்கு. நிரலை நேராகப் படிக்க முடிவதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. பூட்டிய நிரலில் இந்த அனுபவம் யாருடைய மேஜை டிராயரிலோ கிடந்திருக்கும்.

ஆனால் இந்தப் பொது நிரலையும் கண்ணை மூடி நம்ப முடியாது. தண்டர்போல்ட் கேபிள் வழியாக வெளியே இணைக்கும் கார்டுகளில், நடுவிலுள்ள பாதை தன்னை 250 கோடி வேகம் என்றே சொல்லிக்கொள்ளும். கேபிளில் உண்மையில் போவது அதைவிட அதிகம். அங்கே கணக்கு பார்த்து மறுத்தால் நல்ல கார்டை வீணாக மறுத்தவர்கள் ஆவோம். ஆகவே பராமரிப்பாளரும் நானும் நாலைந்து கடிதங்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். டிரைவர் ஏறும்போது மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பதிவு தொடங்கும்போதும் வழியின் கொள்ளளவைக் கேட்க வேண்டும். போதாது என்று தோன்றினால் எச்சரிக்க வேண்டும், ஆனால் மறுக்க வேண்டாம். உண்மையிலேயே நிரம்பி வழிந்தால் மட்டும் பதிவை அங்கேயே நிறுத்திப் பிழை என்று உரக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் பத்தொன்பது வரி. என் அறுபதில் மிஞ்சியது இரண்டோ மூன்றோ.

பதினோரு இரவுகளில் ஏழு தப்பித்தன. டிரைவர் காதோடு சொன்ன அந்தக் குறிப்பேட்டு வரிகளில் நேரம் பதிவாகியிருந்தது. அதை வைத்து ஓட்டைகள் எங்கே என்று குறித்து, அந்தப் பகுதிகளை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். மற்ற நான்கில் ஓட்டைகள் அதிகம், திரும்பத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆய்வேடு ஆறு வாரம் தாமதமாகச் சமர்ப்பிக்கப்பட்டது.

இப்போதும் ஆந்தி அடித்த மறுநாள் காலையில் அந்த இரண்டு வரிகளையும் எனக்கு அனுப்பிவிடுகிறாள். சென்ற செவ்வாய்க்கிழமை வந்ததில் இரண்டிலும் 5 இருந்தது. கீழே, "ரப்பர் தீர்ந்துவிட்டது அங்கிள், புதுசு வாங்கியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.